நனையவில்லை என்பதற்காகக் குடையை எறியலாமா? அமெரிக்க யூதர்களும் வாக்குரிமையும்

அமெரிக்காவில் வாக்குரிமைக்காகவோ குடியேறிகளுக்காகவோ நடக்கும் போராட்டப் படங்களில் ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். தோளில் வெள்ளைத் தொழுகைச் சால்வை, தலையில் சிறு வட்டத் தொப்பி, போலீஸ் வண்டியை நோக்கி நடத்திச் செல்லப்படும் ஒரு ரபி. இதைப் பார்க்கும் தமிழ் வாசகர்களுக்கு மூன்று கேள்விகள் எழுகின்றன. யூதர் என்றால் இஸ்ரேல் அரசின் ஆட்கள்தானே, இவர்கள் யார் பக்கம்? மதகுருமார் தேர்தல் விவகாரத்தில் தலையிடலாமா? மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம்கூட இல்லாத ஒரு சமூகம் அடுத்தவர் ஓட்டுக்காக ஏன் சிறைக்குப் போகிறது?

முதல் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். அமெரிக்க யூதர்கள் அமெரிக்கக் குடிமக்கள். இஸ்ரேல் அரசைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் அல்ல. அந்த அரசைப் பற்றி அவர்களுக்குள்ளேயே கடும் சண்டை உண்டு. இங்கே பேசப்போவது அமெரிக்க மண்ணில், அமெரிக்கச் சட்டத்தின் வழியே நடக்கும் வேலையைப் பற்றி மட்டும். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேட வேண்டுமானால் அவர்களுடைய நூல்களிலிருந்து தொடங்க வேண்டும். அந்த நூல்களில் பக்தியைவிடச் சட்டமே அதிகம்.

## நூல்கள் என்ன சொல்கின்றன

சில சொற்கள் முதலில். தோரா என்பது மோசேயின் ஐந்து ஆகமங்கள். மிஷ்னா, கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட வாய்மொழிச் சட்டம். அந்த மிஷ்னாவை வைத்துப் பல தலைமுறை ஆசிரியர்கள் நடத்திய விவாதங்களின் பதிவு தல்மூத். ரபி என்பவர் பூசாரி அல்ல. இந்தச் சட்டத்தைக் கற்றுத் தீர்ப்பும் போதனையும் சொல்பவர்.

குடிமை வாழ்வு பற்றிப் பேசும்போது யூதர்கள் திரும்பத் திரும்பக் காட்டும் இடங்கள் இவை:

1. ஓர் உயிர், ஓர் உலகம். ஓர் உயிரை அழித்தவன் ஓர் உலகத்தையே அழித்தவன் என்கிறது மிஷ்னா. மரண தண்டனை வழக்கில் சாட்சி சொல்ல வருபவரை நீதிபதிகள் எச்சரிக்கும் வாசகம் இது. கடவுள் ஏன் முதலில் ஒரே ஒரு மனிதனைப் படைத்தார் என்ற கேள்வியும் அங்கேயே வருகிறது. 'என் தகப்பன் உன் தகப்பனைவிடப் பெரியவன்' என்று எவரும் எவரிடமும் சொல்ல முடியாதபடிக்கு என்பது பதில்.

2. அரசனும் சட்டத்துக்குக் கீழ். உபாகமம் 17-ஆம் அதிகாரம் அரசனுக்கு வரம்பு விதிக்கிறது. குதிரைகளைப் பெருக்காதே, மனைவியரைப் பெருக்காதே, வெள்ளியையும் பொன்னையும் குவிக்காதே. சட்டத்தின் பிரதி ஒன்றை எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ்நாளெல்லாம் வாசி.

3. தடுக்க முடிந்தும் தடுக்காதவன் பொறுப்பாளி. தன் வீட்டாரைத் தட்டிக்கேட்க முடிந்தும் கேட்காதவன் வீட்டாரின் பாவத்துக்குப் பொறுப்பு. ஊராரைக் கேட்க முடிந்தவன் ஊரின் பாவத்துக்குப் பொறுப்பு. உலகத்தைக் கேட்க முடிந்தவன் உலகத்தின் பாவத்துக்குப் பொறுப்பு. தல்மூத்தின் சபாத் பகுதியில் உள்ள விதி இது.

4. தோற்ற கருத்தையும் எழுதி வை. பெரும்பான்மையின் முடிவே சட்டம், ஆனால் சிறுபான்மையின் கருத்தும் பதிவாக வேண்டும். பின்னால் வரும் ஒரு நீதிமன்றம் அதைக் கையில் எடுக்கலாம் என்கிறது மிஷ்னா. மரண தண்டனை வழக்கில் 23 நீதிபதிகள் அமர வேண்டும். விடுதலை செய்ய ஒரு ஓட்டு கூடுதலாக இருந்தால் போதும். தண்டிக்க இரண்டு ஓட்டு கூடுதலாக வேண்டும்.

5. அந்நியனை ஒடுக்காதே, நீங்களும் எகிப்து தேசத்தில் அந்நியராயிருந்தீர்களே. அந்நியனைப் பற்றிய எச்சரிக்கை தோராவில் 36 இடங்களில் வருவதாகத் தல்மூத் கணக்குச் சொல்கிறது. எண்ணிக்கை வைக்கும் அளவுக்கு இது அவர்கள் நினைவில் ஊறியது.

உபாகமம் 16:20-ஐப் பற்றி ஒரு வார்த்தை. எபிரேயத்தில் அது 'செதெக் செதெக் திர்தோஃப்' என்று நீதி என்ற சொல்லை இரண்டு முறை சொல்கிறது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் 'நீதியையே பின்பற்றுவாயாக' என்று இருக்கும். இரட்டிப்பின் அழுத்தத்தை நம் ஏகாரம் ஒன்றே தாங்கிக்கொண்டது. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க்கின் அலுவலக அறைச் சுவரில் தொங்கியது இந்த வசனம்தான். அவர் பெயர் கீழே மறுபடி வரும்.

## 'திக்குன் ஓலாம்': அதிகம் புழங்கும், தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சொல்

யூத அமைப்புகளின் அறிக்கைகளில் 'உலகைச் சீரமைத்தல்' என்ற பொருளில் 'திக்குன் ஓலாம்' என்ற சொல் வரும். கேட்பதற்குப் பொதுவான நல்லெண்ணம் போலத் தோன்றும். மிஷ்னாவில் அதன் பொருள் இன்னும் கறாரானது.

ஓர் எடுத்துக்காட்டு. தோராவின்படி ஏழாம் ஆண்டில் கடன்கள் தள்ளுபடியாகும். ஏழைக்குச் சாதகமான சட்டம். நடந்தது வேறு. ஏழாம் ஆண்டு நெருங்க நெருங்கப் பணக்காரர்கள் கடன் கொடுப்பதையே நிறுத்தினார்கள். விதைக்குக்கூட ஏழைக்குப் பணம் கிடைக்கவில்லை. ஹில்லேல் என்ற ஆசிரியர் ஒரு பத்திரத்தை வகுத்தார். கடன் கொடுத்தவர் அந்தக் கடனை வசூலிக்கும் பொறுப்பை நீதிமன்றத்தில் ஒப்படைத்துவிடுவார். தள்ளுபடி தனிநபர் கடனுக்குத்தான், நீதிமன்றத்தின் கையில் உள்ள கடனுக்கு இல்லை. மறுபடி கடன் புழங்கத் தொடங்கியது. இதை ஏன் செய்தார் என்பதற்கு மிஷ்னா தரும் காரணம் ஒரே தொடர்: 'திக்குன் ஓலாமின் பொருட்டு'.

அதே அத்தியாயத்தில் இன்னொன்று. கடத்தப்பட்டவர்களை மீட்கப் பணம் கொடுப்பது பெரிய அறம். ஆனாலும் அளவுக்கு மீறிய தொகை கொடுக்கக் கூடாது, அதுவும் 'திக்குன் ஓலாமின் பொருட்டு'. கொடுத்தால் கடத்தல் தொழிலாகிவிடும்.

ஆக, நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட சட்டம் நடைமுறையில் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்து அந்த ஓட்டையை அடைப்பது திக்குன். தட்டிக்கேட்பது மேலே மூன்றாவதாகச் சொன்ன கடமை; அடைப்பது இன்னொரு கடமை. முதலாவதற்குத் துணிவு வேண்டும். இரண்டாவதற்கு அலுவலகம், வழக்கறிஞர், பொறுமை மூன்றும் வேண்டும். கறுப்பினத்தவரின் சம உரிமைக்காக நடந்த சிவில் உரிமைப் போராட்டத்தில் அமெரிக்க யூதர்கள் செய்ததை இந்த இரண்டாகப் பிரித்துப் பார்த்தால்தான் விளங்கும்.

## சிறுபான்மைக்குச் சட்டம் ஏன் உயிர்நாடி

1790-இல் ரோட் ஐலண்டின் நியூபோர்ட் ஊர் யூதச் சபைக்கு ஜார்ஜ் வாஷிங்டன் கடிதம் எழுதினார். இந்த அரசு மதவெறிக்கு அனுமதி தராது, கொடுமைக்குத் துணை போகாது என்பது அதன் சாரம். அந்தச் சொற்கள் சபையின் சார்பில் மோசஸ் செய்ஷாஸ் அனுப்பிய வரவேற்பு மடலிலேயே இருந்தவை. குடியரசுத் தலைவர் அவற்றை எடுத்துத் திருப்பிச் சொன்னார். குடிமகன் எழுதித் தந்த வாக்குறுதியை அரசு கையொப்பமிட்டுத் தந்தது போல.

வாக்குறுதி தானாகக் காப்பாற்றாது என்பது 1862 டிசம்பரில் தெரிந்தது. உள்நாட்டுப் போரின்போது ஜெனரல் கிராண்ட் தன் ஆளுகைக்கு உட்பட்ட பகுதியிலிருந்து 'ஒரு வகுப்பாராக' யூதர்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று 11-ஆம் எண் பொது ஆணையைப் பிறப்பித்தார். கென்டக்கியின் படூகா ஊரிலிருந்து சீசர் காஸ்கல் என்ற வணிகர் வாஷிங்டனுக்கே போய் லிங்கனைச் சந்தித்தார். 1863 ஜனவரியில் ஆணை ரத்தானது. ஓர் ஆணையால் ஒரு சமூகத்தை ஊரைவிட்டுத் துரத்தலாம், முறையிடும் வழி திறந்திருந்தால் அதைத் திருப்பவும் செய்யலாம். இரண்டையும் ஒரே மாதத்தில் கண்ட சமூகம் இது.

## ஒரு தமிழ்த் தொடர்பு

அடுத்தவர் உரிமைக்காக நிற்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் காந்தியின் சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர்களில் தமிழர்கள் ஏராளம். அந்தக் குடும்பங்கள் தங்கிய டால்ஸ்டாய் பண்ணை, 1910-இல் ஹெர்மன் காலன்பாக் என்ற யூதக் கட்டடக் கலைஞர் கொடுத்த 1,100 ஏக்கர் நிலம். இங்கிலாந்து யூதரான ஹென்றி போலாக் 1909-இல் இந்தியா வந்து சென்னை உட்படப் பல ஊர்களில் தென்னாப்பிரிக்க இந்தியர்களின் குறைகளை எடுத்துச் சொன்னார். 1913 நவம்பரில் காந்தியோடு இவர்கள் இருவரும் வோல்க்ஸ்ரஸ்ட் நீதிமன்றத்தில் மூன்று மாதத் தண்டனை பெற்றார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போனது இதே போராட்டத்தில்தான்.

## தட்டிக்கேட்டல்: 1964 ஜூன், புளோரிடா

1964 ஜூனில் புளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் ஊரில் மார்ட்டின் லூதர் கிங் போராட்டம் நடத்திக்கொண்டிருந்தார். அதே வாரம் நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியில் சீர்திருத்தப் பிரிவு ரபிகளின் மாநாடு. ஆட்கள் வேண்டும் என்று கிங் செய்தி அனுப்பினார். 16 ரபிகளும் அவர்களோடு நிர்வாகி ஆல்பர்ட் வோர்ஸ்பானும் கிளம்பிப் போனார்கள்.

ஜூன் 18. கறுப்பினத்தவரை அனுமதிக்காத மான்சன் மோட்டார் லாட்ஜ் என்ற விடுதியின் வாசலில் ரபிகள் நின்று தொழத் தொடங்கினார்கள். மேலாளரின் கவனம் அங்கே இருக்கும்போது, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து விடுதியின் நீச்சல் குளத்தில் குதித்தார்கள். மேலாளர் குளத்தில் அமிலத்தைக் கொட்டினார். அவர் குடுவையைச் சாய்க்கும் படமும், தண்ணீரில் இருந்தவர்களின் முகமும் உலகமெங்கும் நாளிதழ்களில் வந்தன. மறுநாள் செனட், விடுதி போன்ற பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சிவில் உரிமைச் சட்ட வரைவை 73-க்கு 27 என்று நிறைவேற்றியது. அந்தப் படத்தால்தான் சட்டம் நிறைவேறியது என்று சொல்ல முடியாது, ஓட்டுகள் அதற்கு முன்பே சேர்ந்துவிட்டிருந்தன. ஆனால் அந்தச் சட்டம் எதற்காக என்று கேட்டவர்களுக்கு அந்தப் படம் பதிலாக இருந்தது.

அன்றிரவு அந்தப் பதினேழு பேரும் மாவட்டச் சிறையில். அறைக்கு வெளியே நடைபாதையில் தொங்கிய ஒற்றை பல்பின் வெளிச்சத்தில், விடியற்காலை மூன்று மணிவாக்கில், தாங்கள் ஏன் வந்தோம் என்று ஒரு கூட்டுக் கடிதம் எழுதினார்கள். சகோதரனின் இரத்தம் சிந்தும்போது சும்மா நிற்க முடியாததால் வந்தோம், அப்படி முன்பு பலமுறை நின்றிருக்கிறோம் என்று அதில் ஒரு வரி வரும். லேவியராகமத்தின் கட்டளையும் ஒரு பாவ ஒப்புதலும் ஒரே வாக்கியத்தில். அதுவரை அமெரிக்க வரலாற்றில் ஒரே நேரத்தில் இத்தனை ரபிகள் கைதானது இல்லை.

மூன்று நாள் கழித்து, ஜூன் 21 அன்று மிஸ்ஸிஸிப்பியில் வாக்காளர் சேர்ப்புப் பணியில் இருந்த ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் மூவரையும் வண்டியை வேகமாக ஓட்டியதாகப் போலீசார் பிடித்து, இரவில் விடுவித்து, கொலைகாரர்கள் கையில் சிக்கவைத்தார்கள். சேனி உள்ளூர்க் கறுப்பினத்தவர்; மற்ற இருவரும் நியூயார்க் யூதர்கள். 44 நாள் கழித்து ஒரு மண் அணைக்குள் உடல்கள் கிடைத்தன. குட்மனுக்கு வயது 20.

## அருகில் வாழ்ந்தவர்கள் கொடுத்த விலை

இந்த வரலாற்றை வீரக்கதையாக மட்டும் சொல்வது பிழை. தென் மாநிலங்களில் வாழ்ந்த யூதர்கள் பலர் வடக்கிலிருந்து வந்த ரபிகளை விரும்பவில்லை. கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவருக்கு வெள்ளையர் புறக்கணித்தால் கடை மூடும். ரபிகள் விமானம் ஏறிப் போய்விடுவார்கள், குண்டு விழுவது உள்ளூர்க் கோயிலில். 1963 மே மாதம் 19 ரபிகள் பர்மிங்ஹாமில் வந்து இறங்கியபோது, திரும்பிப் போங்கள் என்று கேட்டுக்கொண்டவர்கள் உள்ளூர் யூதத் தலைவர்கள்தான். அதே ஆண்டு ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து கிங் எழுதிய கடிதம், போராட்டத்தைத் தள்ளிப்போடச் சொன்ன எட்டு மதகுருமாருக்கான பதில். அந்த எண்மரில் ஒருவர் மில்டன் கிராஃப்மன் என்ற ரபி.

அவர்கள் பயம் கற்பனை இல்லை. 1958 அக்டோபரில் அட்லாண்டாவில், நிறவெறிக்கு எதிராகப் பேசிவந்த ரபி ஜேக்கப் ராத்சைல்டின் ஜெப ஆலயத்தில் குண்டு வெடித்தது. 1967-இல் மிஸ்ஸிஸிப்பியின் ஜாக்சனில் ரபி பெரி நுஸ்பாமின் ஜெப ஆலயத்திலும், இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டிலும் வெடித்தது. வடக்கிலிருந்து வந்து ஓர் இரவு சிறையில் இருந்தவரைவிட, அந்த ஊரிலேயே குடும்பத்தோடு இருந்துகொண்டு வாய் திறந்த இவர்களுக்கு அதிக மதிப்புத் தர வேண்டும் என்றே தோன்றுகிறது.

## ஓட்டையை அடைத்தல்: வாக்குரிமைச் சட்டம்

அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் ஒரே தேர்தல் ஆணையம் பட்டியல் தயாரிப்பதில்லை. மாநிலச் சட்டப்படி மாவட்ட அலுவலகம் நடத்துகிறது. குடிமகன்தான் போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். இனத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று 1870-இலேயே அரசியலமைப்பில் 15-ஆம் திருத்தம் வந்துவிட்டது. தென் மாநிலங்கள் இனம் என்ற சொல்லையே எழுதாமல் வேலையை முடித்தன. மிஸ்ஸிஸிப்பியில் விண்ணப்பிப்பவர் மாநில அரசியலமைப்பின் 285 பிரிவுகளில் பதிவாளர் சுட்டும் ஒன்றை எழுதிப் பொருள் சொல்ல வேண்டும். வெள்ளையருக்கு எளிய பிரிவு, கறுப்பினத்தவருக்கு வழக்கறிஞரே திணறும் பிரிவு. போதாததற்கு விண்ணப்பித்தவர் பெயர் இரண்டு வாரம் நாளிதழில் வரும், முதலாளி பார்த்து வேலையைவிட்டு நீக்கட்டும் என்று. அலபாமாவின் செல்மாவில் பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டே நாள் திறந்தது.

ஒரு தந்திரத்தை வழக்குப் போட்டு நீக்கினால் மறுநாள் வேறொன்று வரும். ஓட்டை அங்கேதான் இருந்தது. 1965 ஆகஸ்ட் 6 அன்று கையெழுத்தான வாக்குரிமைச் சட்டம் அதை அடைத்த விதம்:

1. பிரிவு 4: எந்தப் பகுதிக்குக் கண்காணிப்பு என்று முடிவுசெய்யும் சூத்திரம். 1964 நவம்பரில் எழுத்தறிவுத் தேர்வு போன்ற தடையை வைத்திருந்து, வாக்களிக்கும் வயதுடையோரில் பாதிப்பேருக்கும் குறைவாகவே பட்டியலில் இருந்தாலோ ஓட்டுப் போட்டிருந்தாலோ அந்தப் பகுதி சிக்கும்.

2. பிரிவு 5: சிக்கிய பகுதி தேர்தல் விதியில் எதை மாற்றினாலும், வாக்குச்சாவடியை அடுத்த தெருவுக்கு மாற்றினாலும்கூட, மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ முன்அனுமதி பெற வேண்டும். தலைமை வழக்கறிஞருக்கு 60 நாள் அவகாசம்.

3. நிரூபிக்கும் சுமை இடம் மாறியது. தீங்கு இல்லை என்று அரசுதான் காட்ட வேண்டும். பாதிக்கப்பட்டவர் ஓடத் தேவையில்லை.

மிஸ்ஸிஸிப்பியில் 1965-இல் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவரில் 6.7 சதவீதம் பேர் பட்டியலில் இருந்தார்கள். 1967-இல் 59.8 சதவீதம்.

இந்தச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் தள்ளி நகர்த்தியது சிவில் உரிமைகளுக்கான தலைமைக் கூட்டமைப்பு. 1950-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப், ராய் வில்கின்ஸ் என்ற கறுப்பினத் தலைவர்களோடு ஆர்னால்ட் ஆரன்சன் என்ற யூத அமைப்பாளர் சேர்ந்து தொடங்கியது அது. வாஷிங்டனில் மாசசூசெட்ஸ் அவென்யூவில், கிவி காப்லான் என்ற யூதத் தொழிலதிபரின் நன்கொடையில் சீர்திருத்தப் பிரிவு ஒரு கட்டடம் வாங்கியிருந்தது. கூட்டமைப்புக்கும் அங்கே இடம் கொடுத்தார்கள். 1964, 1965 ஆண்டுகளின் இரு சட்டங்களிலும் முக்கியப் பகுதிகள் அந்தக் கட்டடத்தின் கூட்ட அறை மேசையில் வரையப்பட்டன. 1965 மார்ச்சில் ரபி ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல் கிங்கோடு செல்மாவில் நடந்த படம் எல்லோருக்கும் தெரியும். அந்த மேசையின் படம் யாருக்கும் தெரியாது. இரண்டும் தேவைப்பட்டன.

பிறகு 2013 ஜூன் 25. ஷெல்பி மாவட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று பிரிவு 4-இன் சூத்திரத்தை ரத்துசெய்தது. பல பத்தாண்டுப் பழைய கணக்கை வைத்து இன்றைய மாநிலங்களைக் கட்டுப்படுத்த முடியாது என்றது. பிரிவு 5 ஏட்டில் அப்படியே இருக்கிறது, ஆனால் அது யாருக்குப் பொருந்தும் என்று சொல்லும் சூத்திரம் இல்லாததால் செயலற்றுப்போனது. மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் கின்ஸ்பர்க். முன்அனுமதி வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதை எறிவது, மழையில் நனையவில்லை என்பதற்காகக் குடையைத் தூக்கி எறிவது போன்றது என்றார்.

தீர்ப்பு வந்த அன்றே, முன்அனுமதி மறுக்கப்பட்டிருந்த அடையாள அட்டைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தப்போவதாக டெக்ஸஸ் அறிவித்தது. வட கரோலினா ஆகஸ்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கறுப்பின வாக்காளர்களை 'அறுவைசிகிச்சைத் துல்லியத்தோடு' குறிவைத்தது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துசெய்தது 2016 ஜூலையில். இடைப்பட்ட மூன்று ஆண்டில் நடந்த தேர்தல்களைத் திருப்பி நடத்த முடியாது. முன்அனுமதிக்கும் பின்வழக்குக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

## ஒரே குரல் அல்ல

யூதர்கள் எல்லாரும் ஒரே திசையில் நிற்பதாக நினைக்க வேண்டாம். வைதிகப் பிரிவினர் பலர் மற்றப் பிரிவினரிடமிருந்து மாறுபட்டே வாக்களிக்கிறார்கள். கல்லூரிச் சேர்க்கையில் இன ஒதுக்கீடு குறித்த 1978-ஆம் ஆண்டு பாக்கி வழக்கில், சிவில் உரிமைப் போராட்டத்தில் தோளோடு தோள் நின்ற மூன்று பெரிய யூத அமைப்புகள் ஒதுக்கீட்டுக்கு எதிராக மனு போட்டன. ஒரு காலத்தில் யூத மாணவர்களைக் கட்டுப்படுத்த ஒதுக்கீட்டு எண்ணிக்கை பயன்பட்ட நினைவு அவர்களுக்கு. அதே சொல் கறுப்பினத்தவருக்குக் கதவைத் திறக்கும் சொல். அந்த விரிசல் இன்றும் முழுதாக மூடவில்லை.

1977-இல் நாஜிக் கொடியோடு இல்லினாய்ஸின் ஸ்கோக்கி ஊரில் ஊர்வலம் போக ஒரு சிறு கும்பல் அனுமதி கேட்டது. இன அழிப்பு முகாம்களிலிருந்து தப்பியவர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்ந்த ஊர். கும்பலின் பேச்சுரிமைக்காக வாதாடிய அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கத்தின் (ஏ.சி.எல்.யூ.) வழக்கறிஞர் டேவிட் கோல்ட்பெர்கர் யூதர். சங்கத்தின் தலைமை நிர்வாகி ஆர்யே நையர் பெர்லினில் பிறந்து நாஜிகளிடமிருந்து தப்பிய குடும்பத்துப் பிள்ளை. ஊர்வலத்தைத் தடுக்கும் அதிகாரத்தை ஊர் நிர்வாகத்துக்குக் கொடுத்தால் நாளை கிங்கின் ஊர்வலத்தைத் தடுக்கவும் அதுவே பயன்படும் என்பது அவர்கள் வாதம். முகாமில் தாயை இழந்தவரிடம் இந்த வாதம் எடுபடாது, எடுபட வேண்டும் என்று கேட்கவும் யாருக்கும் உரிமை இல்லை. வழக்கில் கும்பல் வென்றது, ஆனால் ஸ்கோக்கியில் ஊர்வலம் நடக்கவில்லை. சிகாகோவின் ஒரு பூங்காவோடு முடிந்தது.

## இன்று ஒரு ஜெப ஆலயம் என்ன செய்யலாம், எங்கே சறுக்கும்

மதகுருமார் தலையிடலாமா என்ற கேள்விக்குச் சட்டத்தின் பதில் தெளிவு. 1954-ஆம் ஆண்டின் ஜான்சன் திருத்தப்படி, வரிவிலக்கு பெற்ற மத, அற அமைப்புகள் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. சட்ட வரைவுகளைப் பற்றிப் பேசலாம், அது அமைப்பின் வேலையில் கணிசமான பங்காகாமல் இருந்தால் சரி. கட்சி பார்க்காமல் வாக்காளர் சேர்க்கலாம். 2025 ஜூலையில் ஒரு வழக்கில் வரித்துறை இறங்கிவந்து, வழிபாட்டின்போது தன் சபையாரிடம் வேட்பாளரைப் பற்றிப் பேசுவது இந்தத் தடைக்குள் வராது என்று நிலை எடுத்தது. அப்படியிருந்தும் பழைய கோட்டுக்குள்ளேயே நிற்பதுதான் சரி. வேட்பாளர் பெயர் மேடையில் வந்த மறுநாளே சபை இரண்டாகும். வரிவிலக்கு நன்கொடை தேர்தல் பணமாக மாற வழி பிறக்கும்.

வேலை நடக்கும் முறை:

1. நாள்காட்டியைப் பாருங்கள். மத்தியத் தேர்தலுக்கான பதிவுக் கெடு தேர்தலுக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாக இருக்கக் கூடாது என்பது 1993 சட்டம். நவம்பர்த் தேர்தலுக்குப் பல மாநிலங்களில் கெடு அக்டோபர் தொடக்கத்தில் விழும். ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத் பண்டிகைகளும் அந்த வாரங்களில்தான். சபாத்திலும் (வெள்ளி மாலை முதல் சனி மாலை வரையிலான ஓய்வு நாள்) பண்டிகை நாளிலும் எழுதுவது விலக்கு, ஆகவே கூட்டம் அதிகம் வரும் நாளில் படிவத்தை நீட்ட முடியாது. பிள்ளைகளின் ஞாயிறு வகுப்புக்குப் பெற்றோர் வரும் காலைநேரமே தோது.

2. மாநில விதியைப் படியுங்கள். டெக்ஸஸில் மற்றவரின் படிவத்தை வாங்க மாவட்ட அலுவலகத்தில் தன்னார்வப் பதிவாளராக நியமனம் பெற வேண்டும். வாங்கிய படிவத்தை ஐந்து நாளில் ஒப்படைக்க வேண்டும். புளோரிடாவில் அமைப்பே பதிவுசெய்திருக்க வேண்டும், பத்து நாள் கெடு, தவறினால் அபராதம்; 2023 சட்டத்தில் அதன் ஆண்டு உச்சவரம்பு 2,50,000 டாலர். வட டகோட்டாவில் வாக்காளர் பதிவே கிடையாது.

3. படிவத்தை அங்கேயே சரிபாருங்கள். அதிகம் விடுபடுவது கையொப்பம், பிறந்த தேதி, அடுக்குமாடி வீட்டு எண். வீட்டு எண் இல்லாவிட்டால் உறுதிப்படுத்தும் தபால் திரும்பிவிடும். தபால் திரும்பினால் பெயருக்கே ஆபத்து. அடையாள அட்டையில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். கட்சி என்ற கட்டம் இருந்தால் அதைப் பற்றித் தன்னார்வலர் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது.

4. வாக்காளர்களுக்குக் கடிதம் எழுதுவதானால் கையெழுத்தில், மூன்று நான்கு வரி, தேதி, பதிவைச் சரிபார்க்கும் வழி. வேட்பாளர் பெயரோ கட்சியோ வரக் கூடாது. சபையின் முகவரிப் பட்டியலை எந்த வேட்பாளருக்கும் இரவல் தராதீர்கள். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறுகளில் முதன்மையானது இது.

5. வாக்குச்சாவடிப் பணிக்கு ஆள் அனுப்புங்கள். விடியுமுன் தொடங்கி இரவு வரை நீளும் வேலை, பயிற்சி வகுப்பு உண்டு, எப்போதும் ஆள் பற்றாக்குறை. தேர்தல் செவ்வாய்க்கிழமை என்பதால் சபாத் தடை இல்லை. சனிக்கிழமை முன்வாக்களிப்புக்கு மட்டும் சபாத் அனுசரிக்காதவர்களைப் போட வேண்டும்.

6. பட்டியலில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பப்படுபவருக்கு 2002 சட்டப்படி தற்காலிக ஓட்டுச் சீட்டு கேட்கும் உரிமை உண்டு. கேட்டால்தான் கிடைக்கும், பலர் கேட்பதில்லை. ஆனால் முதலில் அவர் வந்திருப்பது சரியான சாவடிதானா என்று பாருங்கள். தவறான சாவடியில் போட்ட தற்காலிக ஓட்டைப் பல மாநிலங்கள் எண்ணாமல் ஒதுக்கிவிடும். அடையாள அட்டை இல்லாததால் தற்காலிகச் சீட்டு வாங்கியவர், அதைக் காட்ட மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஜார்ஜியாவில் மூன்று நாளுக்குள், டெக்ஸஸில் ஆறு நாளுக்குள். வேலையில் விடுப்பும் வண்டியும் இல்லாதவரின் ஓட்டு இந்த இடத்தில்தான் விழுந்துபோகிறது. ஆகவே தன்னார்வலர்களைத் தேர்தல் நாளோடு வீட்டுக்கு அனுப்பிவிடாமல், புதன், வியாழன், வெள்ளிப் பகல் மூன்று நாளுக்கும் கார் ஓட்ட ஆள் பெயரை முன்கூட்டியே எழுதி வையுங்கள். வெள்ளி மாலை சூரியன் மறைந்தால் சபாத். ஓட்டுநர் பட்டியலில் அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.